ஹாஃப் ஷட்டர் கச்சேரியில் என் நாற்பது விநாடி

மேடைக்குப் பின்னால் நான் இருபத்தாறு வருடம் இருந்திருக்கிறேன். மேடைக்கு மேல் இருந்தது மொத்தமே நாற்பது விநாடி. அந்த இருபத்தாறு வருடத்தைப் பற்றி இதுவரை ஒருவரும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. நாற்பது விநாடியைப் பற்றிக் கேட்காத ஆள் இல்லை. புனாவிலிருந்துகூடக் கேட்டுவிட்டார்கள்.

நான் ஐதராபாத் பக்கம் போலாரத்தில் மைக் செட் வாடகைக்கு விடுகிறவன். எங்கள் ஆட்கள் பட்டாளத்தோடு வேலூர்ப் பக்கமிருந்து இங்கே வந்து நாலு தலைமுறை ஆகிறது. நான் படித்த தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்து வகுப்புதான் இருந்தது. அது முடிந்ததும் நானும் முடிந்தேன். கூச்ச சுபாவம். என் கல்யாணத்திலேயே மைக் செட் நான்தான் போட்டேன், அந்தச் சாக்கில் பாதி நேரம் ஆம்ப்ளிஃபயர் பின்னால் உட்கார்ந்திருந்தேன். (என் மனைவி சரோஜா இதை இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்க வேண்டும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை.)

என் தொழிலில் ஒரே ஒரு எதிரி உண்டு. மைக் கூவுவது. மைக்கில் போன சத்தம் ஸ்பீக்கரில் வந்து, மறுபடி மைக்குக்குள்ளேயே போய், இரண்டும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ‘கூ...’ என்று காதைக் கிழிக்குமே, அதுதான். கரண்ட் கிதாரும் ஸ்பீக்கர் எதிரில் போனால் இப்படித்தான் கூவும். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு கல்யாணத்தில் சரியாகத் தாலி கட்டும் நேரத்தில் கூவிவிட்டது. நாத்தனார் திடுக்கிட்டு மூன்றாவது முடிச்சை மாப்பிள்ளையின் விரலோடு சேர்த்துப் போட்டுவிட்டார். அதை அவிழ்க்கலாமா கூடாதா என்று இரண்டு வீட்டாரும் கால்மணி நேரம் பேசினார்கள். அவ்வளவு நேரமும் மாப்பிள்ளை விரலை நீட்டியபடியே என்னை முறைத்தார்.

அன்றிலிருந்து கூவல் கேட்டால் நான் யோசிப்பதில்லை. கால் ஓடும், கை திருகும், பிறகுதான் புத்தி வரும். வீட்டில் குக்கர் விசில் அடித்தாலே என் வலது கை தானாக எதையோ திருகும் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிப்பட்ட ஒருவனுக்குத்தான் தேன்மொழி மகளாகப் பிறந்து பேண்டு ஆரம்பித்தாள்.

தேன்மொழிக்கு நான் பேசுகிற தமிழ் எல்லாம் புரியும். பதில் மட்டும் தமிழில் வராது. “சாப்டியாம்மா?” என்றால், “ஹவ் அப்பா, ஹோகயா” என்று ஐதராபாத் உருதுவில் ஆச்சு என்பாள். “எப்பம்மா வருவ?” என்றால், “ஆறிண்டிகி வஸ்தா” என்று ஆறு மணி தெலுங்கில் வரும். சண்டை போடுவதற்கு மட்டும் இங்கிலீஷ். ஜீடிமெட்லாவில் ஒரு மருந்து கம்பெனியில் மாத்திரை சரியாக இருக்கிறதா என்று சோதிக்கும் வேலை. அங்கே கூட வேலை பார்த்த கிரண் டிரம்ஸ் வாசிப்பான். பட்டான்செருவில் ஷிஃப்ட் வேலைக்குப் போகும் ஃபர்ஹான் கிதார். இவள் கீபோர்டும் பாட்டும். மூன்று பேர்தான் பேண்டு.

“எந்த மாதிரி பாட்டும்மா?” என்று கேட்டேன்.

“ட்ரீம் பாப், அப்பா. ஆல்டர்நேட்டிவ் ட்ரீம் பாப்.”

“சினிமாப் பாட்டு இல்லியா?”

“நக்கோ அப்பா!” என்றாள். வேண்டவே வேண்டாமாம், நான் ஏதோ கெட்ட வார்த்தை சொல்லிவிட்டதைப் போல.

கிரணின் மாமாவுக்கு ஜீடிமெட்லாவில் அட்டைப்பெட்டி செய்யும் ஷெட் ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அங்கே பிராக்டிஸ். ஷட்டரை முழுக்க இறக்கினால் உள்ளே மூச்சு முட்டும். முழுக்க ஏற்றினால் பக்கத்து ஷெட்காரர் வந்து சத்தம் போடுவார். அதனால் பாதி. பேண்டுக்குப் பெயரே ‘ஹாஃப் ஷட்டர்’ என்று வைத்துவிட்டார்கள். சரோஜாவுக்குக் கோபம். “இன்னாங்க இது, நல்லா ஒரு சாமி பேர வெக்காம, பாதி மூடுன கடைன்னு வெச்சிருக்குதுங்க?”

சாமான்களை என் மினி வேனில் கொண்டுபோய் இறக்குவது நான்தான். இறக்கிவிட்டு எதிரில் வேனில் உட்கார்ந்துகொள்வேன். உள்ளே போக மாட்டேன். கூப்பிட்டிருந்தால் போயிருப்பேனோ என்னவோ, அவர்களும் கூப்பிடவில்லை. அவர்களுடைய இசை வாழ்க்கையின் முதல் ஒன்றரை வருடத்தை நான் முழங்கால் வரைதான் பார்த்திருக்கிறேன். ஃபர்ஹானின் ஷூவில் ஒரு லேஸ் சிவப்பு, ஒன்று வெள்ளை. அவன் கால் எப்போதும் தரையில் வரிசையாக இருக்கும், கிதார் சத்தத்தை மாற்றுகிற சின்னச் சின்னப் பெட்டிகளை மிதித்துக்கொண்டே இருக்கும், தையல் மெஷின்காரர் மாதிரி. கிரணுக்கு வெறுங்கால். தேன்மொழி பாட ஆரம்பித்தால் இரண்டு குதிகாலும் தரையை விட்டு லேசாக எழும்பும்.

பாட்டு எப்படி இருக்கும் என்று எழுத எனக்குப் படிப்பு போதாது. ஆனாலும் சொல்கிறேன். டிசம்பர் காலையில் போலாரம் பட்டாளத்து மைதானத்தின் மேல் பனி படுத்திருக்கும். ஆள் தெரியாது, மரம் தெரியாது, எங்கோ உள்ளேயிருந்து ஊதுகுழல் சத்தம் மட்டும் வரும். யார் ஊதுகிறார்கள், எந்தப் பக்கம் என்று தெரியாது. ஆனால் நின்று கேட்போம். அப்படி இருக்கும். கிதார் ஒரு பெரிய மூட்டமாக வந்து நிற்கும், என் மகளின் குரல் அதற்குள்ளே எங்கேயோ இருக்கும். வார்த்தை ஒன்றுகூடப் புரியாது. இங்கிலீஷ் என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் கச்சேரி, காபிக் கடையாக மாற்றியிருந்த ஒரு பழைய பங்களாவில். வந்தது பதினோரு பேர். அதில் நாலு பேர் காபிக்காக வந்தவர்கள், ஒருவன் தூணுக்குப் பின்னால் நின்ற நான். மூன்று பேரும் ஜனங்களைப் பார்க்கவே இல்லை. தரையைப் பார்த்தார்கள், அவரவர் காலைப் பார்த்தார்கள். ஒரு பாட்டு முடிந்ததும் தேன்மொழி “தேங்க்யூ” என்று தன் செருப்பிடம் சொன்னாள்.

அன்றைக்குத்தான் எனக்கு அவர்கள் மேல் மரியாதை வந்தது. இத்தனை வருடத்தில் மேடையில் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். மைக்கைப் பிடித்தால் விடாதவர்கள், பிடுங்குகிறவர்கள், விழுங்குகிறவர்கள். மேடை என்றால் கூச்சமில்லாதவர்களுக்கு என்றுதான் நினைத்திருந்தேன். கூச்சப்படுகிறவர்களும் ஏறுவதற்கென்று ஒரு சங்கீதம் இருக்கிறது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஒரு காலேஜ் விழாவில் ஜனங்கள் “சினிமாப் பாட்டு! சினிமாப் பாட்டு!” என்று கத்தினார்கள். கிரணுக்குக் கண் கலங்கிவிட்டது. தேன்மொழி கண்ணை மூடிக்கொண்டு அடுத்த பாட்டை ஆரம்பித்தாள். நானாக இருந்தால் வேனுக்கு அடியில் புகுந்திருப்பேன்.

பாட்டுகளை இணையத்தில் போட்டார்கள். ஜப்பானிலிருந்து ஒருவர் அழுததாக எழுதியிருந்தார். சரோஜா, “நம்ம வீட்டுப் பாட்டக் கேட்டு அந்த ஆளு இன்னாத்துக்கு அழுவுறாரு?” என்று இரண்டு நாள் கவலைப்பட்டாள்.

பிறகு அந்த நாள் வந்தது. பெங்களூரில் பெரிய இசை விழா நடத்துகிறவர்கள் ஐதராபாத்திலிருந்து ஒரே ஒரு பேண்டை எடுக்கப்போகிறார்கள். செகந்திராபாத்தில் ஒரு ஹாலில், சனிக்கிழமை சாயங்காலம், நாலு பேண்டு வாசிக்கும். பெங்களூரிலிருந்து ஒரு மேடம் வந்து கேட்டு, ஒன்றைத் தேர்ந்தெடுப்பார். அன்றைக்கு வாசிப்பதை அப்படியே பதிவும் செய்து கொடுப்பார்கள். மூன்று பேரும் ஒரு மாதம் சரியாகச் சாப்பிடவில்லை. ஃபர்ஹான் ஷிஃப்ட் மாற்றிக்கொண்டான். கிடைத்தால் பெங்களூர், கிடைக்காவிட்டால் பேண்டைக் கலைத்துவிட்டு ஒழுங்காக வேலையைப் பார்ப்பது என்று அவர்களுக்குள் பேச்சு. இது எனக்கு சரோஜா மூலமாகத் தெரியும். (எங்கள் வீட்டில் எனக்கு எல்லாமே சரோஜா மூலமாகத்தான் தெரியும்.)

ஹாலில் சவுண்டு அவர்களுடையது. எனக்கு வேலை இல்லை. சரோஜா தேய்த்துக் கொடுத்த வெள்ளைச் சட்டையோடு, மேடையின் ஓரப் படிக்கட்டுப் பக்கத்தில் நின்றேன். முந்நூறு பேர். மூன்றாவது வரிசையில் சரோஜா. முதல் வரிசையில் அந்த மேடம், குட்டை முடி, மடியில் ஒரு நோட்டு.

ஹாஃப் ஷட்டர் அன்று வாசித்ததைப் போல நான் கேட்டதில்லை. ஷெட்டில் அக்கம்பக்கத்துக்குப் பயந்து சத்தத்தை அடக்கியே வாசிப்பார்கள். இங்கே முழு சத்தம். புகை மெஷின் வெள்ளையாகப் புகை விட்டது, நீல விளக்கு எரிந்தது, என் பனி மைதானம் அப்படியே எழும்பி ஹாலுக்குள் வந்துவிட்டது. மேடம் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். என் பக்கத்தில் நின்ற ஒருவர் தானாகவே, “பாப்ரே...” என்றார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கடைசிப் பாட்டு. கிதாரும் டிரம்ஸும் ஏறிக்கொண்டே போயின. தேன்மொழியின் குதிகால் எழும்பியது. ஃபர்ஹான் மெதுவாகத் திரும்பி, கிதாரோடு தன் ஸ்பீக்கருக்கு எதிரில் போய் நின்றான்.

கூவியது.

சாதாரணக் கூவல் இல்லை. அதுவரை நான் கேட்ட அத்தனை கூவலும் சேர்ந்து கூவியது. அடப்பாவி, ஸ்பீக்கர் எதிரில் நிற்கிறானே, தெரியாமல் நிற்கிறானே, பெங்களூர் போச்சே! இவ்வளவும் நினைத்தேனா என்பதே சந்தேகம். கால் ஓடிவிட்டது.

மூன்றே எட்டில் மேடை. புகைக்குள் ஒன்றும் தெரியவில்லை. குனிந்து தடவினேன். ஒரு வயர் கையில் பட்டது. தடிமனான வயர்தான் முக்கியமான வயர் என்பது என் தொழில் பாடம். பிடித்துக்கொண்டே போனேன், பிளக் வந்தது, பிடுங்கினேன்.

டக்.

அது கிதாரின் வயர் இல்லை. மேடை முழுவதற்குமான வயர். கிதார், ஸ்பீக்கர், நீல விளக்கு எல்லாம் ஒரே நேரத்தில் போய்விட்டது. டிரம்ஸ் மட்டும் இரண்டு அடி தனியாக அடித்துவிட்டு நின்றது. “ஒரேய், எவட்ரா அதி?” என்று கிரண் தெலுங்கில் கத்தினான். ஹாலில் “லைட்! லைட்!” என்று ஒரே கூச்சல்.

அந்தக் கூச்சலில், எனக்கு இரண்டடி தள்ளி, இருட்டில், ஒரு குரல் மட்டும் நிற்கவில்லை. என் மகள் பாடிக்கொண்டிருந்தாள். கரண்ட் போனதற்காகப் பாட்டை விடுவதா என்று நினைத்தாளோ என்னவோ. மைக் இல்லை, மூட்டம் இல்லை, வெறும் குரல். தமிழில்.

‘பாதிக் கதவு தொறந்திருக்கு,
வெளிய ஒருத்தர் ஒக்காந்திருக்கார்,
உள்ள வாங்கன்னு சொல்றதுக்கு
எனக்கும் வெக்கமா இருக்கு...’

பிளக்கைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டேன். ஒன்றரை வருடமாக இங்கிலீஷ் என்று நான் நினைத்திருந்த பாட்டு.

அதை யோசிக்க நேரம் கிடைக்கவில்லை. ஹால்காரர் ஒருவர் புகைக்குள் பாய்ந்து வந்து, என் கையிலிருந்து பிளக்கைப் பறித்துச் சொருகினார். நீல விளக்கு எரிந்தது. புகை விலகியது. பார்த்தால், நான் மேடையின் நட்டநடுவில் நிற்கிறேன். எனக்கு நேர் எதிரில் தேன்மொழியின் மைக். அதற்கு அந்தப் பக்கம் முந்நூறு பேர். எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள்.

இறங்கிப் போயிருக்கலாம். மன்னிப்புக் கேட்டிருக்கலாம். மயங்கி விழுந்திருந்தால்கூட மரியாதையாக இருந்திருக்கும். ஆனால் மைக்குக்கு முன்னால் நின்று நான் வாழ்க்கையில் சொன்னது ஒரே ஒரு வாக்கியம். அதுதான் வந்தது. விரலால் மைக்கை இரண்டு தட்டுத் தட்டினேன்.

“ஹலோ. செக். ஒன், டூ, த்ரீ.”

நன்றாகக் கேட்டது. சவுண்டு பிரமாதம். பழக்கதோஷத்தில், ஹாலின் கோடியில் சவுண்டு பார்ப்பவருக்குச் சரியாக இருக்கிறது என்று கட்டைவிரலை உயர்த்தியும் காட்டினேன்.

ஹாலே அதிர்ந்துவிட்டது. கைத்தட்டல், விசில். எழுந்து நின்று தட்டினார்கள். மொத்தமும் திட்டமிட்டுச் செய்தது என்று நினைத்துவிட்டார்கள்! நான் படிக்கட்டு எந்தப் பக்கம் என்று தெரியாமல் டிரம்ஸைச் சுற்றி ஒரு வட்டம் அடித்து இறங்கினேன். அதற்கும் தட்டினார்கள்.

மேடம் நேராக என்னிடம் வந்தார். கண் பளபளவென்று இருந்தது. “அங்கிள், தட் வாஸ் அமேசிங். ப்ளான்டா?” என்று கேட்டார். அவருக்குப் பின்னால் மூன்று பேரும் நின்று, ‘ஆமாம் என்று சொல்லுங்கள், ஆமாம் என்று சொல்லுங்கள்’ என்று தலையை ஆட்டினார்கள். ஃபர்ஹான் கை கூப்பியே காட்டினான்.

இப்போது எனக்குப் புரிகிறது. அப்போது ஒரு பெரிய மனுஷி என் எதிரில் நின்று கேள்வி கேட்கிறார், கேள்விக்கு உண்மையான பதில் சொல்ல வேண்டும் என்பது மட்டும்தான் தெரிந்தது.

“நோ மேடம். மிஸ்டேக். மை மிஸ்டேக். அந்தப் பையன் ஸ்பீக்கருக்கு எதிர்ல நின்னுட்டான், கூவிடுச்சு. நான் ஆஃப் பண்ணிட்டேன். வெரி சாரி மேடம்.”

சரோஜா நெற்றியில் அடித்துக்கொண்ட சத்தம் எனக்கு இரண்டு வரிசை தள்ளிக் கேட்டது. மேடம் சிரித்தார். அன்பாகத்தான் சிரித்தார். நோட்டை மூடினார்.

வேறொரு பேண்டுக்குக் கிடைத்தது. வேனில் திரும்பும்போதுதான் விஷயம் தெரிந்தது. கூவியது தவறு இல்லை. கூவல்தான் அந்தப் பாட்டின் முடிவு. இரண்டு நிமிடம் கூவி, மெல்ல மெல்ல அடங்க வேண்டுமாம். ஷெட்டில் அடக்கி வாசித்ததில் அது வரவே இல்லையாம், அதைச் சரியாகப் பிடிக்க ஃபர்ஹான் ஒரு மாதம் தவித்திருக்கிறான்.

“கைக்கு அப்பா? கைக்கு?” என்று தேன்மொழி ஒரு தடவை கேட்டாள். ஏன் செய்தாய் என்று. “கூவுச்சும்மா” என்றேன்.

பத்தொன்பது நாள் அவள் என்னோடு பேசவில்லை. எந்த மொழியிலும் இல்லை. சண்டைகூட இல்லை. பிராக்டிஸ் நின்றுவிட்டது. சாமான்கள் என் வேனிலேயே கிடந்தன. சரோஜா மட்டும் வாய் ஓயாமல், “எங்கூட மணமேடையில ஒக்கார வெக்கப்பட்ட மனுசன், இங்க மட்டும் எப்புடி ஓடுனாரு பாரு” என்று சுவரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இருபதாவது நாள், வேனில் சாமான்களைத் துடைத்துக்கொண்டிருந்தேன். தேன்மொழி வந்து பக்கத்தில் நின்றாள். இரண்டு பேருக்கும் பேச்சை ஆரம்பிக்கத் தெரியாது. கடைசியில் நான்தான், வயரைச் சுற்றிக்கொண்டே, “அந்தப் பாட்டு...” என்றேன்.

“சுன்லியா?” என்றாள். கேட்டுவிட்டாயா என்று.

“நாலு வரி.”

“பாக்கி?”

“பாக்கி கூவல்ல போயிடுச்சும்மா.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, செருப்பிடம் சொல்வது போல, “சண்டே பிராக்டிஸ் இருக்கு. உள்ள வந்து ஒக்காருப்பா” என்றாள். தமிழில்.

அந்த ஞாயிற்றுக்கிழமை குனிந்து ஷட்டருக்கு அடியில் புகுந்தேன். உள்ளே உட்கார ஒரு அட்டைப்பெட்டிக் கட்டைப் போட்டு வைத்திருந்தார்கள். ஃபர்ஹான் அந்தக் கூவலை வாசித்துப் பார்த்து, வராமல் அலுத்து, என்னிடம் திரும்பி அவன் உருதுவில் கேட்டான். “அங்கிள், எங்க நின்னா கூவாதுன்னு உங்களுக்குத் தெரியும்தானே?”

“தெரியும்.”

“அப்ப எங்க நின்னா நல்லா கூவும்னும் தெரியணுமே?”

என் தொழில் வாழ்க்கையில் யாரும் கேட்காத கேள்வி. எழுந்து போனேன். ஸ்பீக்கரைச் சுற்றி இரண்டு தடவை நடந்தேன். எந்த இடத்தில் இதுவரை ஒருவரையும் நான் நிற்க விட்டதில்லையோ அந்த இடத்தில் சிவப்பு டேப்பால் ஒரு பெருக்கல் குறி ஒட்டினேன். ஃபர்ஹான் அதன் மேல் நின்றான். கூவியது. அவன் ஒரு மாதம் தேடிய அதே கூவல், சங்கு ஊதுவது போல நீளமாக, அழகாக. நான் வலது கையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, அசையாமல் நின்றேன். அதுதான் எனக்கு அன்றைய சாதனை.

பேண்டு கலையவில்லை. யாரும் எடுக்காததால் அவர்களே ஷெட்டில் பதிவு செய்து ஆல்பம் போட்டார்கள். ஒன்பது பாட்டு. ஒன்பதாவதாக அந்தக் கடைசிப் பாட்டை மட்டும் ஹாலில் பதிவானபடியே வைத்துவிட்டார்கள். ஏறி ஏறிக் கூவி, ‘டக்’. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு என் குரல். “ஹலோ. செக். ஒன், டூ, த்ரீ.” நான் எவ்வளவோ வேண்டாம் என்றேன். “நக்கோ அப்பா, அதுதான் ஃபினிஷ்” என்றாள்.

இப்போது கொச்சி, புனா என்று போய் வருகிறார்கள், சவுண்டு பார்க்க நானும் கூடப் போகிறேன். எந்த ஊரானாலும் கடைசிப் பாட்டில் கூவல் அடங்கியதும், தமிழ் தெரியாத பிள்ளைகள் கூட்டமாக “ஹலோ! செக்! ஒன்! டூ! த்ரீ!” என்று கத்துகிறார்கள். நான் ஸ்பீக்கருக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறேன். பெங்களூரிலும் போன வருடம் வாசித்தார்கள். அதே மேடம் என்னைத் தேடி வந்து, “அங்கிள், இன்னைக்கு?” என்றார். “இன்னைக்கு ப்ளான்ட், மேடம்” என்றேன். அன்றைக்குச் சொல்ல வேண்டிய பதிலை ஒருவழியாகச் சொல்லி முடித்தேன்.

வீட்டில் மட்டும் நிலைமை மாறவில்லை. குக்கர் வைக்கும்போதெல்லாம் சரோஜா அடுப்படியிலிருந்து குரல் கொடுப்பாள், “ஏங்க, கூவப் போவுது, பிளக்கப் புடுங்க ரெடியா?” தேன்மொழி உள்ளேயிருந்து, “ஒன், டூ...” என்பாள். எனக்குக் கை அரிக்கும். ஆனாலும் மூன்று விசில் வரும்வரை இடத்தை விட்டு அசைவதில்லை. பாட்டு முடிவதற்குள் எழுந்து ஓடக் கூடாது என்று இப்போது எனக்குத் தெரியும்.